பெட்ரோல் பம்பின் இரு எஜமானர்கள்

கோபர்கைரனேயின் ஓரமாகச் செல்லும் தாணே–பேலாப்பூர் சாலையில் இரவு பகல் என்ற பேதமின்றி எண்ணெய் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எண்ணெயைக் கொண்டு சேர்க்கும் இடத்தைத் தமிழ்நாட்டில் நாம் 'பங்க்' என்கிறோம். மும்பைவாசிகளாகிவிட்ட தமிழரோ, மராத்தியரையும் குஜராத்தியரையும் பின்பற்றிப் 'பம்ப்' என்றே சொல்லப் பழகிவிட்டனர். பெயர் எதுவாயினும் ஆகுக. ஒரே கம்பெனியின் சின்னத்தைத் தாங்கி, ஒரே வர்ணம் பூசி நிற்கும் இரண்டு பம்புகளை எடுத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்தி எண்ணெய் போட்டுக்கொள்பவருக்கு அவ்விரண்டுக்கும் இடையே யாதொரு வேற்றுமையும் புலப்படாது. ஆனால் ஒன்றின் கல்லாப்பெட்டி ஒரு தனி வியாபாரியுடையது. மற்றதன் கல்லாப்பெட்டி கம்பெனியினுடையது. முன்னதில் லாபமும் நஷ்டமும் டீலரைச் சாரும். பின்னதில் மேலாளருக்கு மாதச் சம்பளம் மட்டுமே.

ஒரு வர்த்தக ஸ்தாபனம் தன் கடைகளில் சிலவற்றைத் தானே நடத்துவதும், சிலவற்றைப் பிறருக்கு உரிமை கொடுத்து நடத்தச் செய்வதும் இன்று உலகெங்கும் காணும் முறை. இவ்விரண்டையும் கலப்பதால் ஸ்தாபனத்துக்கு விளைவது நன்மையா தீமையா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். சிற்றுண்டிச் சாலைகளையோ துணிக்கடைகளையோ கொண்டும் இதை ஆராயலாம். எனினும் பம்பாயில் வாழ்ந்த நமக்குக் கைக்கெட்டிய சரித்திரம் பெட்ரோலுடையதே. செம்பூரை அடுத்த மாஹுலிலும் டிராம்பேயிலும் எழுந்த ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்தபடியே வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ!

மோட்டார் வண்டி இந்நாட்டுக்கு வந்த புதிதில் பெட்ரோல் தகர டின்களில்தான் விற்கப்பட்டது. அதற்கு முன்பே மண்ணெண்ணெய் வியாபாரம் நாட்டின் மூலைமுடுக்குகளை எட்டியிருந்தது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய எண்ணெயைக் கம்பெனிகள் டின்களில் அடைத்து, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் தோணியிலும் ஏற்றி அனுப்பின. ஊர்தோறும் இருந்த ஏஜெண்டுகள் அதை வாங்கி விற்றனர். வெள்ளைக்காரக் கம்பெனி ஒவ்வோர் ஊரிலும் தன் சொந்தக் கடையைத் திறக்கவில்லை. ஏன்? எந்த மளிகைக்காரர் கடனைத் திருப்பித் தருவார், எந்த மாதத்தில் அறுவடைப் பணம் புழங்கும், எந்தத் திருவிழாவுக்கு எத்தனை டின் விலைபோகும் என்பனவெல்லாம் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குத் தெரியாது. உள்ளூர் வியாபாரிக்குத் தெரியும். அந்த அறிவுக்குக் கம்பெனி கொடுத்த விலையே கமிஷன்.

1927-இல் மூண்ட மண்ணெண்ணெய் விலைப் போர் ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஸோவியத் ரஷ்யாவின் எண்ணெயை ஓர் அமெரிக்கக் கம்பெனி இந்தியாவில் விற்க முற்பட்டதைக் காரணமாகக் காட்டி, ஷெல் கம்பெனி இந்தியச் சந்தையில் விலையைக் குறைத்து அதனுடன் மோதிற்று. அந்தப் போரின் புழுதி அடங்குமுன், 1928-இல், பர்மா ஆயிலும் ஷெல்லும் தம் இந்திய விநியோகத்தை ஒன்றாக்கிப் 'பர்மா ஷெல்' என்ற பெயரில் நடத்தத் தொடங்கின. 1930-களில் சாலையோரத்தினின்று சற்று உள்வாங்கி, வண்டி நுழைந்து திரும்பும் வழியோடு கூடிய விற்பனை நிலையங்கள் தோன்றின. டின் போய்ப் பம்ப் வந்தது. அத்துடன் கம்பெனிக்கும் விற்பவருக்கும் இடையேயுள்ள உறவும் அடியோடு மாறிற்று என்பதைச் சரித்திரம் எழுதுவோர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

டின் விற்ற ஏஜெண்டு சுதந்திர வியாபாரி. கடையும் அவருடையது, சரக்கும் வாங்கிய பின் அவருடையது. பம்ப் நடத்துபவர் நிலை அப்படியன்று. பூமிக்குள் புதைத்த தொட்டியும், மேலே நிற்கும் பம்பும், தலைக்கு மேல் தொங்கும் பெயர்ப்பலகையும் கம்பெனியின் சொத்து. அநேக இடங்களில் நிலமும் கம்பெனி விலைக்கோ குத்தகைக்கோ வாங்கியதுதான். டீலர் கொண்டுவருவது கைம்முதலும், ஆட்களும், அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையும். இருவருக்கும் இடையே எழுதப்படும் பத்திரம் குத்தகைப் பத்திரமன்று. பம்பைப் பயன்படுத்தி விற்றுக்கொள்ளும் 'உரிமம்' மட்டுமே. மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல்லில் சிறிது சுவை உண்டு. 'உரிமை' வேறு, 'உரிமம்' வேறு. உரிமை ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது. உரிமம் பிறர் கொடுத்தது, கொடுத்தவர் திரும்பப் பெறக்கூடியது. முப்பது ஆண்டு பம்ப் நடத்தித் தலை நரைத்த ஒருவர், தாம் அந்நிலத்தில் உரிமம் பெற்ற விருந்தாளியே என்பதை வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகே உணர்வதுண்டு. இன்றும் இந்திய எண்ணெய்க் கம்பெனிகள் இரு வகை டீலர்களைப் பிரித்துப் பேசுகின்றன: கம்பெனியின் நிலத்தில், கம்பெனி அமைத்த நிலையத்தை நடத்துபவர் ஒரு வகை, நிலத்தைத் தாமே கொணர்ந்தவர் மற்றொரு வகை. பின்னவரின் பேரம் சற்று வலுவானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. அங்கே கம்பெனிகள் ஆயிரக்கணக்கான நிலையங்களைச் சம்பள ஆட்களைக் கொண்டு தாமே நடத்தி வந்தன. 1935-இல் ஐயோவா மாகாணம் சங்கிலிக் கடைகளுக்கு, அவற்றின் எண்ணிக்கைக்கேற்ப ஏறும் வரி ஒன்றை விதித்தது. உடனே கம்பெனிகள் தம் நிலையங்களை அவற்றில் வேலை செய்தவர்களுக்கே வாடகைக்கு விட்டுவிட்டு, எண்ணெய் மட்டும் கொடுக்கலாயின. 'ஐயோவாத் திட்டம்' என்று பெயர்பெற்ற இம்முறை சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவிற்று. நேற்றுவரை சிப்பந்தி; இன்று முதலாளி! வரி மட்டுமன்று, சிப்பந்திகளின் சங்கத் தொல்லையும், வேலைநேரச் சட்டங்களும் அதனால் கம்பெனியின் தோளிலிருந்து இறங்கின. டீலர் முறையில் எப்போதும் இரண்டு முகங்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒருபுறம் அது சிறு மனிதனைச் சொந்தக்காரனாக்குகிறது. மறுபுறம் பெரிய மனிதனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது.

பம்பாய்க்குத் திரும்புவோம். 1954-இல் ஸ்டான்வாக் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையும், 1955-இல் பர்மா ஷெல்லின் ஆலையும் டிராம்பேப் பகுதியில் வேலை தொடங்கின. 1959-இல் சர்க்கார் இந்தியன் ஆயில் கம்பெனியை நிறுவிற்று. மறு ஆண்டு ஆகஸ்டில் ஸோவியத் கப்பலொன்று அக்கம்பெனிக்கான முதல் டீசல் சரக்கைக் கொண்டுவந்து பம்பாயின் பீர் பாவு துறையில் இறக்கியது. அத்துறை செம்பூருக்குத் தொலைவிலன்று. எண்ணெய் கிடைத்துவிட்டது, விற்பதற்குக் கடை? அந்நியக் கம்பெனிகளின் டீலர்கள் அக்கம்பெனிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே இந்தியன் ஆயில் தனக்கென்று புதிதாக டீலர்களைத் தேட வேண்டியதாயிற்று. 1974-இல் எஸ்ஸோவும், 1976-இல் பர்மா ஷெல்லும் நாட்டுடைமையாகி, முறையே ஹிந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் ஆயின. சின்னங்கள் மாறின. கல்லாப்பெட்டியின் பின்னே அமர்ந்திருந்தவரோ பெரும்பாலும் பழைய டீலரே.

அதன்பின் நம் நாட்டில் டீலர் உரிமம் வர்த்தகக் கருவி என்ற நிலையிலிருந்து நழுவிச் சமூகநலக் கருவியாயிற்று. போரில் கணவனை இழந்தோர், ஊனமுற்றோர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், விடுதலைப் போராட்ட வீரர் ஆகியோருக்கு ஒதுக்கீடு ஏற்பட்டது. 1983 முதல் தேர்வுக் குழுக்கள் டீலர்களைத் தேர்ந்தெடுத்தன. நோக்கம் உயர்ந்தது, அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தன் கூட்டாளியைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கம்பெனி இழந்தது. உயர்ந்த நோக்கத்தின் பக்கத்தில் சலுகையும் வந்து அமர்ந்துகொண்டது. பெட்ரோலிய அமைச்சர் ஒருவர் தம் விருப்பப்படி வழங்கிய 15 நிலையங்களின் ஒதுக்கீட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2002 ஆகஸ்டில் மற்றுமொரு புயல்: அரசியல் செல்வாக்கால் பெற்றவை என்ற புகார் எழவே, 2000 ஜனவரி முதல் செய்த ஒதுக்கீடுகளையெல்லாம் சர்க்கார் ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நல்லதையும் கெட்டதையும் ஒரே வாரியலால் பெருக்கித் தள்ளுவது சரியன்று என்ற கருத்தில், அவ்வொட்டுமொத்த ரத்தைச் செல்லாததாக்கியது.

கம்பெனி தானே பம்ப் நடத்த வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பின்னணியில் வலுப்பெற்றதில் ஆச்சரியமில்லை. 1990-களில் 'ஜூபிலி' என்ற பெயருடன் சில மாதிரி நிலையங்கள் எழுந்தன. 2002 ஏப்ரலில் விலைநிர்ணயக் கட்டுப்பாடு ஏட்டளவிலேனும் நீங்கித் தனியார் போட்டி வரும் என்றானதும், கம்பெனிகள் நேரடியாக நடத்தும் நிலையங்களின் எண்ணிக்கை பெருகலாயிற்று.

இவ்வகை நிலையம் ஒன்று இருந்தால் டீலர்கள் நடத்தும் மற்றவற்றுக்கு என்ன நேருகிறது? முதலாவதாக, அது ஓர் அளவுகோலாகிறது. பெட்ரோல் ஆவியாகிக் குறையும். தொட்டியில் ஊற்றிய அத்தனையும் விற்பனைக்கு வராது. எவ்வளவு குறைவு இயற்கை, எவ்வளவு செயற்கை? மின்சாரக் கட்டணம் எவ்வளவு, மூன்று ஷிப்டுகளுக்கு எத்தனை ஆட்கள் தேவை? தானே ஒரு நிலையத்தை நடத்தாத கம்பெனி, டீலர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டும். அல்லது நம்பாமல் சண்டையிட வேண்டும். நடத்திப் பார்த்த கம்பெனிக்கு உண்மை தெரியும். கமிஷன் போதவில்லை என்று டீலர்கள் முறையிடும்போது அந்த உண்மை டீலருக்குச் சாதகமாகவும் அமையக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுத்து, புதிய ஏற்பாடு எதையும் முதலில் தன் நிலையத்தில் செய்து பார்த்து, பிறகு டீலரிடம் கொண்டுசெல்ல முடிகிறது. மறுதிசையிலும் பாடம் உண்டு. டாக்ஸிக்காரருக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பதும், விடியற்காலையில் செய்தித்தாள் வண்டிக்காகப் பம்பைத் திறப்பதும் மேலாளரின் மூளையில் உதிப்பவை அல்ல. தன் பணத்தைப் போட்டவனுக்கே உதிப்பவை.

அமெரிக்க அறிஞர் ஜெஃப்ரி பிராடாக் 1998-இல் வெளியிட்ட நூலொன்றில், உணவுச் சாலைச் சங்கிலிகளை ஆராய்ந்து ஏறக்குறைய இதையே கூறினார். சொந்தக் கடைகள் ஒழுங்கைத் தருகின்றன. உரிமக் கடைகள் புதுமையையும் உள்ளூர் அறிவையும் தருகின்றன. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது என்பது அவர் துணிபு. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறு சிலர், உரிமக் கடை என்பது முதலில்லாத இளம் கம்பெனியின் ஊன்றுகோல் மட்டுமே, வளர்ந்தபின் கம்பெனி எல்லாக் கடைகளையும் தானே எடுத்துக்கொள்ளும் என்று ஆரூடம் சொல்லியிருந்தனர். அது பலிக்கவில்லை. தொடக்க ஆண்டுகள் கழிந்தபின் சொந்தக் கடைக்கும் உரிமக் கடைக்கும் உள்ள விகிதம் ஒரு நிலையில் நின்றுவிடுவதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின.

ஆயினும் இந்தக் கலப்பு தானாக நன்மை பயப்பதில்லை. நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் அதற்கு இரண்டு தடைகள் இருந்தன என்பது நம் கருத்து.

கம்பெனியே நடத்துவதாகச் சொல்லப்பட்ட நிலையங்களில் அநேகமானவற்றை உண்மையில் கம்பெனியின் நேரடிச் சிப்பந்திகள் நடத்தவில்லை. ஆட்களை அமர்த்தி வேலை வாங்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டது. குழாயைப் பிடித்து நிற்கும் இளைஞன் ஒப்பந்தக்காரரின் ஆள். அவனுக்குக் கம்பெனிச் சிப்பந்தியின் பாதுகாப்பும் இல்லை, டீலரின் லாபமும் இல்லை. சில இடங்களில் டீலர் தேர்வு முடியும்வரை 'தற்காலிகமாக'க் கம்பெனி நடத்தும் என்று தொடங்கியது, ஆண்டுகள் பலவாக நீண்டது. நாளை டீலராவோம் என்ற நம்பிக்கையில் நிலத்தைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் காத்திருந்தவர்கள் உண்டு. பின்னர் கொள்கை மாறியபோது அவர்கள் நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியதாயிற்று. இத்தகைய நிலையம் எதற்கு அளவுகோல்? முழம் போடும் கோலே சுருங்கி விரிந்தால் துணியின் நீளம் எப்படித் தெரியும்?

கலப்படம் மற்றொரு தடை. ஏழைகளுக்கென்று மலிவு விலையில் சர்க்கார் கொடுத்த மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையே பெரும் விலை வித்தியாசம் இருந்த காலம் அது. தன் லாபத்துக்காக உழைப்பவன் நன்றாக உழைப்பான் என்ற பொருளாதார வாக்கியம் உண்மையே. ஆனால் தன் லாபத்துக்காகக் கலப்படம் செய்பவனும் நன்றாகவே செய்வான். கெட்ட பெயர் பலகையில் எழுதியுள்ள கம்பெனிக்கு, பணம் டீலருக்கு. நெடுஞ்சாலையில் ஒருமுறை வந்து போகும் லாரிக்காரர் மறுபடி வரப்போவதில்லை என்பது தெரிந்த இடத்தில் ஆசை இன்னும் அதிகம். நேர்மையான டீலர்கள் ஏராளமானோர் இருந்தனர். அவர்கள் பக்கத்துப் பம்பின் பாவத்தையும் சேர்த்துச் சுமந்தனர். 2001-ஐ ஒட்டி, தரத்துக்கும் அளவுக்கும் உறுதி கூறும் திட்டம் ஒன்றைப் பாரத் பெட்ரோலியம் தொடங்கியதும், லாரித் தொட்டிகளுக்குத் திறக்கவியலாத பூட்டுகள் வந்ததும் இதனாலேயே. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பம்பை மூடிச் சீல் வைக்க முற்பட்ட இந்தியன் ஆயிலின் இளம் விற்பனை அதிகாரி எஸ். மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். டீலர் முறையின் கண்காணிப்புச் செலவு என்று நூல்களில் ஒரு தொடர் வரும். அச்செலவு ஓர் இளைஞனின் உயிராகவும் இருக்கக்கூடும் என்பதை நூல்கள் சொல்வதில்லை.

கண்காணிப்பு இவ்வளவு கடினமெனில், எல்லாவற்றையும் கம்பெனியே நடத்திவிட்டால் என்ன? இதற்கும் அமெரிக்காவில் ஒரு படிப்பினை உண்டு; அதை மேலும் கீழுமாகப் படிக்கலாம். 1973-இல் எண்ணெய்ப் பஞ்சம் வந்தபோது, கம்பெனிகள் தம் சொந்த நிலையங்களுக்கு முதலில் எண்ணெய் அனுப்பி டீலர்களைக் காயவிட்டன என்ற புகார் மேரிலாந்து மாகாணத்தில் எழுந்தது. 1974-இல் அம்மாகாணம், சுத்திகரிப்புக் கம்பெனிகள் சில்லறை நிலையங்களைத் தாமே நடத்தக்கூடாது என்று சட்டம் செய்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்திற்று. டீலர்கள் மகிழ்ந்தனர். பின் நடந்தது யாது? கம்பெனியிடமிருந்து டீலர் கைக்கு மாறிய நிலையங்களில் விலை சற்று ஏறியதையும், திறந்திருக்கும் நேரம் குறைந்ததையும் 1984-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. டீலரைக் காக்க எழுந்த சட்டத்தின் செலவை வண்டி ஓட்டுபவர் கொடுத்தார். ஆனால் பஞ்ச காலத்தில் பாதுகாப்பின்றி நின்ற டீலரின் அச்சம் பொய்யன்று.

பொய்யன்று என்பதை நம் நாடும் கண்டது. ரிலையன்ஸ் கம்பெனி 2004-ஐ ஒட்டித் தன் பம்புகளைத் திறக்கத் தொடங்கியது. சிலவற்றைத் தானே நடத்திற்று. சிலவற்றை நிலமும் முதலும் கொண்டுவந்த உரிமதாரர்களிடம் விட்டது. அழகிய கட்டடம், துல்லியமான அளவு, லாரி ஓட்டிகளுக்குக் குளியலறையும் உணவும். குறுகிய காலத்தில் டீசல் விற்பனையில் குறிப்பிடத்தக்க பங்கை அது பிடித்தது. அப்பொழுது கச்சா எண்ணெய் விலை உயர்ந்தது. சர்க்கார் கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்றன. அந்நஷ்டத்தைச் சர்க்கார் ஓரளவு ஈடுசெய்தது. தனியாருக்கு அந்த ஈடு இல்லை. பக்கத்துப் பம்பைவிட லிட்டருக்குப் பல ரூபாய் கூடுதலாகக் கொடுத்து எவர் வாங்குவார்? 2008-இல் ரிலையன்ஸ் தன் 1,400-க்கும் மேற்பட்ட பம்புகளை மூடிற்று.

சொந்த நிலையத்தை மூடிய கம்பெனிக்கு அது பெரிய கணக்கில் ஒரு வரி. உரிமதாரருக்கோ? பூர்விக நிலத்தைத் தோண்டித் தொட்டி புதைத்தாயிற்று. வங்கியின் வட்டி மாதம் தவறாமல் வரும். விற்க எண்ணெய் இல்லை. வேறு கம்பெனியின் எண்ணெயை அந்தப் பம்பில் ஊற்றவும் உரிமம் இடந்தராது. கலப்பு முறையால் ஸ்தாபனத்தின் செயல்திறன் உயருமா என்று கேட்கும் ஆராய்ச்சியாளர்கள், பெரும்பாலும் ஸ்தாபனத்தின் ஐந்தொகையை மட்டுமே பார்க்கின்றனர். நல்ல காலத்தில் லாபம் இரு கைகளிலும் விழுகிறது. கெட்ட காலத்தில் நஷ்டம் எந்தக் கையில் விழும் என்பது முன்பே பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

பெட்ரோல் விலை 2010-லும் டீசல் விலை 2014-லும் கட்டுப்பாட்டினின்று நீங்கின. மூடிய பம்புகள் பல மறுபடி திறந்தன. ரிலையன்ஸ் 2019-இல் பிரிட்டிஷ் கம்பெனியான பி.பி.யுடன் கூட்டுச் சேர்ந்தது. 2021 அக்டோபரில் அக்கூட்டின் முதல் நிலையம், கோபர்கைரனேக்குத் தெற்கே நாவ்டேயில் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் நிலையங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பான்மை டீலர்களிடமே இருக்கின்றன. கம்பெனி நடத்துபவை ஊறுகாய் அளவே.

மும்பையிலும் நவி மும்பையிலும் இந்தக் கலப்பு இப்போது மற்றொரு மடிப்பு கண்டிருக்கிறது. 1995-இல் தோன்றிய மகாநகர் காஸ் நிறுவனம் வண்டிகளுக்கான எரிவாயுவைச் சில இடங்களில் தன் சொந்த நிலையங்களில் விற்கிறது. பெரும்பாலும் பழைய எண்ணெய்க் கம்பெனிகளின் பம்புகளுக்குள்ளேயே ஒரு மூலையை வாங்கிக்கொண்டு விற்கிறது. ஆட்டோ ரிக்ஷாக்கள் நீண்ட வரிசையில் நிற்கும் அந்த மூலையில் வாயு ஒருவருடையது, கூரை இன்னொருவருடையது, குழாயைச் செருகும் ஆள் டீலருடையவர். கிலோ ஒன்றுக்கு யாருக்கு எவ்வளவு கமிஷன் என்ற பேச்சு அம்மூவருக்குள்ளும் தொடர்ந்து நடந்துவருகிறது.